மாங்கூழ் ஆலையில் ஸ்விட்ச், ரவுட்டர் மாற்றம்: நான்கு நாள் வேலைப் பதிவு

இடம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலை. மாங்காய் வரத்து தொடங்கும் முன், ஆலை ஓடாத நாட்களில் நடந்த வேலை. பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசைகட்டிய பிறகு ஒரு கேபிளைக்கூடக் கழற்ற விடமாட்டார்கள். ஆகவே கிடைத்தது நான்கே நாள்.

அலுவலகம், எடைமேடை, பரிசோதனைக் கூடம், நிரப்பும் கூடம், பாய்லர் அறை என ஐந்து இடங்கள். கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) ஸ்விட்ச் ஒன்பது, ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்தவை. ஆலையின் வலையை இணையத்தோடு இணைக்க, இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் ஒன்று. கணினி 11, கேமரா 24, கைரேகை வருகைப்பதிவு 2, பிரிண்டர் 4, நிரப்பும் இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி (பிஎல்சி) 2. அத்தனையும் 192.168.1.0/24 என்ற ஒரே வலையில் (/24 என்றால் முகவரியின் முதல் 24 பிட், அதாவது முதல் மூன்று எண், எல்லோருக்கும் பொது). சென்ற சீசனில் நாளுக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம், எல்லாமே உறைந்து நின்றிருக்கிறது. எடைச்சீட்டு வராது, கேமரா படம் நிற்கும், இயந்திரத்தின் திரையில் எண்கள் நகராது. பிறகு தானாகச் சரியாகிவிடும். "நெட் ஸ்லோ" என்று இணைய நிறுவனத்துக்குப் புகார் போயிருக்கிறது. ஆலைக்குள்ளேயே இருக்கும் எடைமேடைக் கணினியும் பிரிண்டரும் ஒன்றோடொன்று பேசாமல் போனதற்கும் வெளி இணையத்துக்கும் தொடர்பில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

வேலை தொடங்கும் முன் மூன்று அட்டவணைகளைத் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த நான்கு நாளில் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இவற்றில் ஏதோ ஒன்றின் பிழைதான்.

முதலாவது மேக் அட்டவணை. இது ஸ்விட்ச்சுக்குள் இருக்கும். ஒவ்வொரு ஃபிரேம் (கேபிளில் போகும் தரவுப் பொட்டலம்) உள்ளே வரும்போதும் அதை அனுப்பியவரின் மேக் முகவரியை, அதாவது கருவியோடு வரும் 48 பிட் அடையாள எண்ணைப் பார்த்து, "இவர் 5-ம் போர்ட் பக்கம் இருக்கிறார்" என்று ஸ்விட்ச் எழுதிக்கொள்ளும். 300 விநாடி அந்த முகவரியிலிருந்து சத்தமே இல்லையென்றால் அழித்துவிடும் (பெரும்பாலான ஸ்விட்ச்சுகளில் இதுதான் இயல்புநிலை). போக வேண்டிய முகவரி அட்டவணையில் இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். அதற்கு ஃபிளட் என்று பெயர். இரண்டாவது ஆர்ப் அட்டவணை: எந்த ஐபிக்கு (வலையில் நாம் கொடுக்கும் முகவரி) எந்த மேக் என்ற கணக்கு. கணினி, பிரிண்டர், பிஎல்சி என ஐபி பேசும் எல்லாவற்றிலும் இது உண்டு. மூன்றாவது ரவுட்டிங் அட்டவணை: எந்த வலைக்குப் போக யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது. ரவுட்டருக்குத் தமிழில் 'திசைவி' என்ற சொல் அழகாகப் பொருந்திவிட்டது. ஸ்விட்ச்சுக்கு அப்படி அமையவில்லை. ஆலையில் போய் 'சொடுக்கி எங்கே' என்று கேட்டால் டியூப்லைட் பொத்தானைக் காட்டுவார்கள்.

முதல் நாள் காலை, உறைவுக்குக் காரணம் தேடல். சாதா ஸ்விட்ச்சில் உள்ளே போய்ப் பார்க்க எதுவும் கிடையாது. விளக்குகளைத்தான் பார்க்க வேண்டும். ஒரு லேப்டாப்பில் வயர்ஷார்க் (கேபிளில் போவதைப் படித்துக் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டு, ஒவ்வோர் இடமாகப் பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து சீசனில் ஓடுவதையெல்லாம் ஓடவிட்டோம். பரிசோதனைக் கூடத்தில் பிரிக்ஸ் (சர்க்கரை) அளவு எழுதிய லேபிள் அச்சிடும் மேசையின் எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் போட்டதும், விநாடிக்கு முப்பதுக்குள் இருந்த பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் ஃபிரேம்) எண்ணிக்கை பல்லாயிரத்துக்கு எகிறியது. ஒன்பது ஸ்விட்ச்சிலும் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டன. தனித்தனியே சிமிட்ட வேண்டிய விளக்குகள் சேர்ந்து சிமிட்டினால் அது லூப், அதாவது போனதே திரும்பி வரும் கேபிள் வளையம். வேறு சோதனையே வேண்டாம்.

மேசைக்கு அடியில் ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று கிடந்தது, கணக்கில் வராத பத்தாவது. அதிலிருந்து சுவர் சாக்கெட்டுக்கு ஒரு கேபிள் போயிருக்கிறது. இன்னொரு கேபிள் உபரியாகத் தொங்கியிருக்க வேண்டும். யாரோ நல்லெண்ணத்தில் அதன் முனையையும் பக்கத்து சாக்கெட்டில் செருகிவிட்டார்கள். இரண்டு சாக்கெட்டும் போய்ச் சேர்வது ஒரே ஸ்விட்ச். எக்ஸ்டென்ஷன் பெட்டியை லேபிள் அச்சிடும்போது மட்டும் போடுவார்கள் என்பதால்தான் உறைவும் நாளுக்கு இரண்டு மூன்று முறை வந்துபோனது.

இங்கே நடப்பது இது. ஆர்ப் கேள்வி ஒன்று பிராட்காஸ்ட்டாகக் கிளம்புகிறது. சேருமிட முகவரியின் பன்னிரண்டு இடத்திலும் எஃப். ஸ்விட்ச் அதை எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். ஒரு கேபிளில் போனது மறு கேபிளில் திரும்பி வரும், மீண்டும் எல்லாப் போர்ட்டிலும் போகும். ஃபிரேமுக்குள் போகும் ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் இல்லை. கேபிளைப் பிடுங்கும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 64 பைட் ஃபிரேம் விநாடிக்கு அதிகபட்சம் சுமார் 1,48,800 போகலாம். லூப் அந்த இடம் முழுவதையும் தின்றுவிடும். கூடவே மேக் அட்டவணையும் கெடுகிறது. எடைமேடைக் கணினியின் ஃபிரேம் சுற்றி வந்து தவறான போர்ட்டில் நுழையும்போது, "இவர் இப்போது இந்தப் பக்கம்" என்று ஸ்விட்ச் மாற்றி எழுதும், அடுத்த நொடி மறுபடி மாற்றும். இதை மேக் ஃபிளாப் என்பார்கள்.

அந்த ஒரு கேபிளைப் பிடுங்கியதோடு வேலையை முடித்திருக்கலாம். அடுத்த சீசனில் வேறொரு மேசைக்கு அடியில் இதே கதை நடக்கும் என்பதால்தான், உள்ளே போய்ப் பார்க்கவும் மாற்றவும் கூடிய மேலாண்மை ஸ்விட்ச்சுக்கு மாற்றம்.

பொருட்கள்: ரவுட்டிங் தெரிந்த 24 போர்ட் பிஓஇ (தரவோடு மின்சாரமும் அதே கேபிளில்) ஸ்விட்ச் 1 (ஃபைபருக்கான நான்கு எஸ்எஃப்பி துளையுடன், அலுவலகத்தில் கோர், அதாவது மைய ஸ்விட்ச்), 16 போர்ட் பிஓஇ 1 (நிரப்பும் கூடம்), 8 போர்ட் பிஓஇ 2 (எடைமேடை, பாய்லர் அறை). 1000பேஸ்-எல்எக்ஸ் எஸ்எஃப்பி (மின் சிக்னலை ஒளியாக மாற்றும் செருகி) 8. ஆறு இழை சிங்கிள் மோட் ஆர்மர்டு ஃபைபர் 500 மீ. எல்சி பிக்டெயில் (இழையோடு ஒட்டும், ஒரு பக்கம் முனை உள்ள துண்டு) 24, பேட்ச் கார்டு (இரு பக்கமும் முனை உள்ள குட்டைக் கேபிள்) 10. கேட்6 முழுச் செம்பு 305 மீ. பெட்டி 2. சுவர் ராக் 4, ஒவ்வொன்றுக்கும் ஒரு யூபிஎஸ். பரிசோதனைக் கூடம் கோரிலிருந்து 40 மீ. தூரத்தில்தான் இருக்கிறது, அதற்குத் தனி ஸ்விட்ச் தேவையில்லை, மேசைக்கு நாலு சாக்கெட் இழுத்துவிட்டால் அடியில் ஸ்விட்ச் வைக்கும் ஆசையே வராது.

பிஓஇ கணக்கில் ஒரு விஷயம். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரம் போர்ட் ஒன்றுக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். கேபிளில் போனது போகக் கருவிக்குக் கிடைப்பது 12.95. கேமரா 7 வாட்தான் இழுக்கிறது என்று 120 வாட் ஸ்விட்ச்சில் எட்டு கேமரா மாட்டினால், சில ஸ்விட்ச்சுகள் உண்மைச் செலவைப் பார்க்காமல் வகுப்புக்கு உரிய முழு அளவையும் ஒதுக்கி வைக்கும். எட்டு முறை 15.4 என்றால் 123.2. எட்டாவது கேமரா எழாது. எடைமேடையில் ஆறு கேமராவோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பழைய கேமராக்களில் ஐந்து, இரவானால் அணைந்து அணைந்து எரிந்தன. பகலில் ஒழுங்காக இருக்கும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, மின்னோட்டம் கூடும். கேபிளில் மின்னழுத்தம் சரிந்து கேமரா மறுதொடக்கம் ஆகும். கேபிளைச் சுரண்டினால் செம்பு நிறத்துக்கு உள்ளே வெள்ளை: செம்பு பூசிய அலுமினியம். சுரண்டாமலும் கண்டுபிடிக்கலாம். ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் மறுமுனையில் முறுக்கிவிட்டு மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். 100 மீட்டருக்கு முழுச் செம்பில் 13 முதல் 17 ஓம் வரை காட்டும். 19-ஐத் தாண்டினால் கேபிள் தரத்துக்குள் இல்லை. அங்கே 90 மீ. கேபிளில் 25 ஓம் காட்டியது. கடைக்காரர் கேட்6 என்று அச்சிட்ட உறையைக் காட்டி வாதாடலாம், மீட்டர் வாதாடாது. பெட்டி வாங்கியதும் பத்து மீட்டர் வெட்டி அளந்த பிறகு இழுப்பது நல்லது.

எடைமேடை அலுவலகத்திலிருந்து 180 மீ. செம்புக் கேபிளின் எல்லை 100 மீ. (சுவரில் போகும் நிலையான கேபிள் 90, இரு முனை பேட்ச் கார்டும் சேர்த்து 10). பழைய ஏற்பாட்டில் நடுவழியில் மதில்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்விட்ச் வைத்து நீட்டியிருந்தார்கள். கோடை மழையின் முதல் இடியிலேயே அது போய்விடும், வருடா வருடம் மாற்றுவார்கள். இரண்டு கட்டடத்தின் எர்த் வேறு வேறு. நடுவில் செம்பு இருந்தால் இடி விழும் நேரத்தில் அந்த வேறுபாடு முழுவதும் கேபிள் வழியேதான் பாயும். ஃபைபர் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனால் ஆர்மர்டு ஃபைபரின் இரும்புக் கவசம் கடத்தும் என்பதை மறக்கக்கூடாது. கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையில் ராக்குக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தினோம்.

குழி தோண்டும் திட்டம் அரை நாளில் கைவிடப்பட்டது. கிருஷ்ணகிரி மண் அப்படி. ஒன்றரை அடிக்குக் கீழே பாறை. மதில் ஓரமாக ஜிஐ பைப் அடித்து அதற்குள் இழுத்தோம். எர்த் குழிக்கும் அதே பாறைதான் எதிரி. ஒரு குழியில் 9 ஓம் காட்டியது. 5-க்குக் கீழே கொண்டுவர, மூன்று மீட்டர் தள்ளி இரண்டாவது குழி போட்டு இரண்டையும் பட்டைக் கம்பியால் இணைக்க வேண்டியிருந்தது.

நான்கு ஃபைபர் இணைப்பு: கோர் முதல் எடைமேடை 180 மீ., கோர் முதல் நிரப்பும் கூடம் 70, கோர் முதல் பாய்லர் அறை 130, நிரப்பும் கூடத்துக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே 60. எழுபது மீட்டருக்கு ஃபைபர் எதற்கு என்ற கேள்வி வந்தது. நிரப்பும் கூடத்தில் பம்பு மோட்டார்களின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கேபிள் தட்டு ஓரமாகவே இருக்கின்றன. அவற்றின் இரைச்சலில் பழைய செம்புக் கேபிளில் சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போன ஃபிரேம்) குவிந்திருந்தது. கடைசி 60 மீ. இணைப்பு வேண்டுமென்றே போட்ட வளையம், அது பின்னால் வரும்.

எல்எக்ஸ் எஸ்எஃப்பி 1310 நானோமீட்டர் ஒளி, அனுப்புவது -9.5 முதல் -3 டிபிஎம் (ஒளியின் வலிமை; மைனஸ் எண் பெரிதானால் ஒளி குறைவு) வரை, வாங்குவது -19 வரை. 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரான்ஸீவர்' கொடுத்தால் இரண்டும் தெரியும். எடைமேடையில் அனுப்புவது -6.1, கிடைப்பது -7.4. நல்லது. பாய்லர் அறையில் கிடைத்தது -17.2. இணைப்பு விளக்கு எரிந்தது, பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்ற சோதனை) போனது. அளக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, சீசன் நடுவில் தூசு சேர்ந்ததும் செத்திருக்கும். இழைகளை ஒட்டி வைக்கும் ஸ்ப்ளைஸ் தட்டில் பிக்டெயில் ஒன்று விரல் தடிமன் வளைவில் மடங்கியிருந்தது. பெரிய வட்டமாகச் சுற்றி வைத்ததும் -7.8. விளக்கே எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் இரண்டு இழையும் நேர்நேராகச் செருகப்பட்டிருப்பது. ஒரு பக்கம் அனுப்புவது மறுபக்கம் வாங்கும் துளைக்குப் போக வேண்டும். இரண்டாவது சந்தேகம் பச்சை முனையையும் நீல முனையையும் சேர்த்து மாட்டுவது. பச்சை சாய்வாகச் சீவியது, நீலம் நேரானது, சேராது.

இரண்டாம் நாள் வி-லேன். ஒரே ஸ்விட்ச்சைப் பல ஸ்விட்ச்சாகப் பிரித்துக்கொள்வதுதான் வி-லேன். ஒன்றின் பிராட்காஸ்ட் மற்றதற்குள் போகாது. அலுவலகம் 10, எடைமேடையும் கொள்முதலும் 20, கேமரா 30, இயந்திரம் 40, ஸ்விட்ச்சுகளின் நிர்வாகம் 99. ஐபி வலை 10.20.10.0/24, 10.20.20.0/24 என்று மூன்றாவது எண் வி-லேன் எண்ணாகவே இருக்கும்படி வைத்தோம். இதில் தொழில்நுட்ப அவசியம் எதுவும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் யாரோ ஐபி படிக்கும்போது அது எந்த இடம் என்று உடனே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கணினி மாட்டும் போர்ட் ஆக்சஸ். அதில் போகும் ஃபிரேமில் வி-லேன் எண் எதுவும் இருக்காது. இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவே உள்ள போர்ட் ட்ரங்க். பல வி-லேன் ஒரே இழையில் போவதால் ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் டேக் ஒட்டப்படும். அதில் 12 பிட் வி-லேன் எண். பயன்படுத்தக்கூடியவை 1 முதல் 4094 வரை. ட்ரங்க்கில் டேக் இல்லாமல் வருவது எந்த வி-லேன் என்று முடிவு செய்வதற்குப் பெயர் நேட்டிவ் வி-லேன். கோரில் நேட்டிவ் 99, நிரப்பும் கூடத்தில் மறந்துபோய் 1 என்றே இருந்தது. கோர் 99-ஐ டேக் இல்லாமல் அனுப்பியது, மறுபக்கம் அதை 1-ல் போட்டது. ஸ்விட்ச்சுக்கு பிங் போகவில்லை, ஆனால் அதில் மாட்டிய கேமரா அத்தனையும் வேலை செய்தன. இப்படி நிர்வாகம் மட்டும் செத்து மற்றதெல்லாம் உயிரோடு இருந்தால் முதலில் நேட்டிவ் எண்ணைப் பார்க்க வேண்டும்.

அன்றைய பெரிய பிழை வேறு. எடைமேடை ட்ரங்க்கில் 40-ஐச் சேர்க்க 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு வி-லேன் 40' என்று அடித்தாயிற்று. 'ஆட்' என்ற சொல் விடுபட்டுவிட்டது. இருந்த பட்டியல் முழுவதும் அழிந்து 40 மட்டும் மிச்சம். 99 போனதால் 180 மீ. தூரத்தில் இருக்கும் ஸ்விட்ச்சுக்குள் நுழைய வழியில்லை. காப்பாற்றியது, தொடங்கும் முன் அந்த ஸ்விட்ச்சில் கொடுத்து வைத்திருந்த 'ரீலோட் இன் 10'. பத்து நிமிடத்தில் அது தானே மறுதொடக்கம் ஆகி, சேமிக்காத மாற்றத்தை மறந்து பழைய நிலைக்கு வந்தது. வேலை சரியாக முடிந்தால் 'ரீலோட் கேன்சல்'. தொலைவில் உள்ள ஸ்விட்ச்சைத் தொடும்போது இதை விடவே கூடாது. மாற்றத்தை எப்போதும் தொலைமுனையில் முதலிலும் அருகில் உள்ளதில் கடைசியாகவும் செய்ய வேண்டும். மாறிச் செய்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையை நீங்களே வெட்டுகிறீர்கள்.

இனி அந்த வளையம். கோர், நிரப்பும் கூடம், பாய்லர் அறை மூன்றும் முக்கோணமாக இணைந்திருக்கின்றன. இது முதல் நாள் கண்ட லூப்பேதான், ஆனால் இங்கே ஸ்பானிங் ட்ரீ காவல் இருக்கிறது. ரேடியா பெர்ல்மன் 1985-ல் வடிவமைத்த முறை. ஸ்விட்ச்சுகள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற சிறு செய்தியை அனுப்பி, தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து (ரூட்), அதிலிருந்து மரம்போலப் பிரித்து, மிச்சமுள்ள இணைப்பை மூடி வைக்கும். ஒரு ஃபைபர் அறுந்தால் மூடியதைத் திறக்கும். தேர்தலில் ப்ரையாரிட்டி எண் குறைந்தவர் ஜெயிப்பார். எல்லா ஸ்விட்ச்சிலும் தயாரிப்பாளரிடமிருந்து வரும்போதே 32768. எண் சமமானால் மேக் முகவரி சிறியது ஜெயிக்கும். அப்படித்தான் பாய்லர் அறையின் 8 போர்ட் ஸ்விட்ச் தலைவராகி, அலுவலகத்திலிருந்து நிரப்பும் கூடத்துக்குப் போகும் எல்லாம் பாய்லர் அறையைச் சுற்றிப் போனது. எதுவும் நிற்காததால் இதையும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கோரில் ப்ரையாரிட்டி 4096 வைத்ததும் சரியானது. ஸ்பானிங் ட்ரீயின் வேகமான வடிவமான ரேபிட் முறையில் நிரப்பும் கூட ஃபைபரைப் பிடுங்கிப் பார்த்தபோது ஒரு பிங் மட்டும் தவறியது. பழைய முறையாக இருந்தால் 30 முதல் 50 விநாடி.

கணினி, கேமரா போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் (காத்திருக்காமல் உடனே திறப்பது), கூடவே பிபிடியு கார்டு. ஆக்சஸ் போர்ட்டில் பிபிடியு வந்தால் அங்கே ஸ்விட்ச் மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். போர்ட்டை உடனே மூடிவிடும். ஆனால் மலிவு ஸ்விட்ச்சுகளில் சில பிபிடியுவைக் கடத்தாமல் விழுங்கிவிடும், அப்போது லூப் கண்ணுக்கே தெரியாது. ஆகவே எல்லா ஆக்சஸ் போர்ட்டிலும் ஸ்டார்ம் கண்ட்ரோலும் வைத்தோம்: பிராட்காஸ்ட் 1 சதவீதத்தைத் தாண்டினால் மூடு. பரிசோதனைக் கூடத்தில் கிடைத்த அதே ஐந்து போர்ட் ஸ்விட்ச்சை இரண்டு கேபிளோடும் மாட்டிப் பார்த்தோம். இரண்டு விநாடிக்குள் போர்ட் அணைந்தது. எடைமேடையில் யாரும் எதையும் உணரவில்லை.

மூன்றாம் நாள் ரவுட்டிங். ஒவ்வொரு வி-லேனுக்கும் கோர் ஸ்விட்ச்சில் ஒரு எஸ்விஐ, அதாவது அந்த வலையிலிருந்து வெளியேறும் வாசல் (கேட்வே): 10.20.10.1, 10.20.20.1 என்று. ஒரே வலைக்குள் இருப்பவரிடம் பேச ஆர்ப் போதும். வேறு வலை என்றால் பாக்கெட்டை கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். வேறு வலையா இல்லையா என்று முடிவெடுப்பது சப்நெட் மாஸ்க். எடைமேடைக் கணினி ஒன்றில் மாஸ்க் 255.255.255.0 என்பதற்குப் பதில் 255.255.0.0 என்று போட்டுவிட்டார்கள். 10.20.30-ல் இருக்கும் கேமராவும் தன் வலைதான் என்று நினைத்து நேரடியாக ஆர்ப் கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால் வேலை செய்தது! கோர் ஸ்விட்ச்சில் ப்ராக்சி ஆர்ப் இயல்பாகவே திறந்திருந்ததால், "அது என் வழியாக வா" என்று கோர் தன் மேக்கைக் கொடுத்துக் காப்பாற்றியது. பாதுகாப்புக்காக ப்ராக்சி ஆர்ப்பை மூடிய நிமிடம் அந்தக் கணினி மட்டும் கேமராவை இழந்தது. 'ஆர்ப் -ஏ' கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: தன் வலையில் இல்லாத ஐபி ஆர்ப் பட்டியலில் இருந்தால் மாஸ்க் பிழை.

பிஎல்சியில் நேர்மாறான பிழை. வி-லேன் 40-க்குள்ளிருந்து பிங் போகிறது, அலுவலகத்திலிருந்து போகவில்லை. ரவுட்டிங் அட்டவணையில் குற்றமில்லை. இதுவரை ஒரே வலையில் இருந்ததால் பிஎல்சியில் கேட்வே 0.0.0.0 என்றே விடப்பட்டிருந்தது. கேள்வி வந்து சேர்கிறது, பதில் சொல்ல வழி தெரியவில்லை. அதே பிஎல்சியின் போர்ட்டில் இன்னொன்றும் இருந்தது: அதில் 100 ஃபுல் (100 எம்பிபிஎஸ், ஒரே நேரத்தில் இரு திசையிலும்) என்று கட்டாயமாக நிறுத்தி, ஸ்விட்ச்சை ஆட்டோவில் விட்டிருந்தார்கள். ஆட்டோ பக்கம் பேச்சுவார்த்தைக்குப் பதில் கிடைக்காமல் ஹாஃப் டூப்ளெக்சுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். ஸ்விட்ச்சில் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) எண்ணிக்கை ஏறுவதே அடையாளம். இரண்டையும் ஆட்டோவில் வைக்க வேண்டும், அல்லது இரண்டையும் கட்டாயமாக. ஒன்று அப்படி ஒன்று இப்படி என்பது மட்டும் கூடாது.

இணையத்துக்கான வழி: கோரில் டீஃபால்ட் ரவுட் (வேறு வழி எதுவும் பொருந்தாதபோது போகும் வழி), 0.0.0.0/0 ரவுட்டரை நோக்கி. கோரிலிருந்து வெளியே பிங் போகிறது. கணினியிலிருந்து போகவில்லை. இந்த இடத்தில் அனுபவசாலிகளும் அரைமணி நேரம் தொலைப்பது வழக்கம், ஏனென்றால் எல்லோரும் போகும் வழியைத்தான் பார்க்கிறார்கள். ரவுட்டருக்கு 10.20.10.0 என்ற வலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது; பதில் வந்ததும் தன் டீஃபால்ட் வழியில் இணையப் பக்கமே திருப்பி அனுப்பிவிடும். ரவுட்டரில் 10.20.0.0/16 கோரை நோக்கி என்று திரும்பும் வழி ஒன்று எழுத வேண்டும். உள் முகவரியை இணைய முகவரியாக மாற்றும் நாட் விதியிலும் அந்த வலையைச் சேர்க்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்.

சாலைக்கு எதிரே குளிர்பதனக் கிடங்கு, 400 மீ., 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பாலம். அதற்கு 10.21.0.0/16, நடு இணைப்புக்கு, கருவிகளுக்குத் தரக்கூடிய இரண்டே முகவரி கொண்ட /30. கோரில் 10.21.0.0/16-க்குக் கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரவுட், கிடங்கில் இந்தப் பக்கம் நோக்கி டீஃபால்ட். டீஃபால்ட்டும் 10.21-ம் கோரில் இருந்தாலும் குழப்பம் வராது. நீளமான ப்ரிஃபிக்ஸ் (/ குறிக்குப் பின் பெரிய எண்) பொருந்துவதே எப்போதும் ஜெயிக்கும், எழுதிய வரிசைக்கு மதிப்பில்லை. ஓஎஸ்பிஎஃப் போடலாமா என்று பேச்சு வந்தது. மொத்தம் மூன்று ரவுட், ஒரே பாதை. தேவையில்லை. மாற்றுப்பாதை இல்லாத இடத்தில் வழி தேடும் நெறிமுறை வைத்தால் புரிந்துகொள்ள இன்னொரு அட்டவணை கூடும்.

மாற்று இணையத்துக்கு ஒரு 4ஜி ரவுட்டர். டீஃபால்ட் இரண்டாவதற்கு தூரம் 250 என்று கொடுத்து வைத்தோம் (ஸ்டாட்டிக் ரவுட்டின் இயல்பு தூரம் 1, எண் குறைந்த வழிதான் முதலில் எடுபடும்). முதல் ரவுட்டரின் வெளி ஃபைபரைப் பிடுங்கினால் மாற வேண்டும். மாறவில்லை. கோருக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது. வெளியே அறுந்தது கோருக்கு எப்படித் தெரியும்? வெளி முகவரி ஒன்றுக்கு ஐந்து விநாடிக்கு ஒரு பிங் அனுப்பும் ஐபி எஸ்எல்ஏ வைத்து, அதோடு முதல் ரவுட்டைக் கட்டிய பிறகுதான் மாறியது. அந்தப் பிங் முதல் ரவுட்டர் வழியாக மட்டுமே போகும்படி தனி /32 ரவுட்டும் எழுத வேண்டும். விட்டால் 4ஜி வழியாகப் பிங் வெற்றி பெற்று, முதல் வழி சரியாகிவிட்டது என்று ஏமாந்து, இரண்டுக்கும் நடுவே ஊசலாடும்.

கணினிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் டிஹெச்சிபி கோரிலேயே. மதியம் அலுவலகத்தில் இரண்டு கணினிக்கு 192.168.1 முகவரி வந்தது. பழைய வைஃபை ரவுட்டரை யாரோ அதன் லேன் துளையில் மாட்டியிருந்தார்கள். அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கிவிட்டது. முந்திப் பதில் சொல்பவர் ஜெயிப்பார் என்பதுதான் டிஹெச்சிபியின் நியாயம். நம்பிக்கைக்குரிய போர்ட்டிலிருந்து வரும் பதிலை மட்டும் விடும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் போட்டதும் அடங்கியது; ட்ரங்க் போர்ட்டுகளை நம்பிக்கைக்குரியவை என்று குறிக்க மறந்தால் எடைமேடைக்கு முகவரியே போகாது, எல்லாக் கணினியும் 169.254 (முகவரி கிடைக்காதபோது தானே வைத்துக்கொள்வது) என்று காட்டும்.

நான்காம் நாள் காலை ஒரு புகார்: சில தளங்கள் திறக்கின்றன, இ-வே பில் பக்கம் பாதியில் நிற்கிறது. ரவுட்டர் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறை வழியாக இணைகிறது. அதன் தலைப்பு 8 பைட் தின்பதால் 1500-க்குப் பதில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 1492. 'பிங் -எஃப் -எல் 1464' போனது, 1465 போகவில்லை (1464-உடன் தலைப்புகள் 28 சேர்ந்தால் 1492). ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் போகும் தரவு) 1452 என்று கட்டுப்படுத்தியதும் தீர்ந்தது. கேமரா வலைக்கு இணையம் மூடல், பிஎல்சிக்கு ஒரே ஒரு கணினியிலிருந்து பிஎல்சி பேசும் மாட்பஸ் நெறிமுறையின் 502-ம் போர்ட் (துளை அல்ல, சேவை எண்) மட்டும்: இரண்டு ஏசிஎல் (அனுமதிப் பட்டியல்), பத்து வரி. ஆர்ஜே45 சாக்கெட்டுகளுக்கு ரப்பர் மூடி. மாங்கூழ் தெறிக்கும் கூடத்தில் எறும்பு எங்கே வேண்டுமானாலும் கூடு கட்டும்.

சாயங்காலம் ராக்குகளைப் பூட்டும் முன், ஆலையின் மெயினையே இறக்கி, யூபிஎஸ்களையும் அணைத்துவிட்டு மீண்டும் போட்டோம். நான்கு நிமிடத்தில் எல்லாம் எழுந்தன. எடைமேடை தவிர. இரண்டாம் நாள் 'ரீலோட் இன் 10' மீட்டுக் கொடுத்த அதே ஸ்விட்ச். அதற்குப் பிறகு சரியாக எழுதிய ட்ரங்க், ஸ்டார்ம் கண்ட்ரோல், ஸ்னூப்பிங் எல்லாம் ஓடும் நினைவில் மட்டும் இருந்தன, 'ரைட் மெமரி' கொடுக்கப்படவில்லை. சீசனில் முதல் மின்வெட்டு யூபிஎஸ்ஸைத் தாண்டியிருந்தால் லாரி வரிசை நெடுஞ்சாலை வரை போயிருக்கும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு 180 மீ. நடந்து, கன்சோல் கேபிள் மாட்டி, மறுபடி எழுதி, சேமித்து, மெயினை இன்னொரு முறை இறக்கிப் பார்த்தோம்.